பைலட்டின் பக்கத்து சீட்டு

எங்கள் பல்கலைக்கழக வேனை ஓட்டுகிறவருக்குப் பைலட் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பிரிவில் இருக்கும், வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, சக்கரங்களைக் காலால் தட்டி, கண்ணாடிகளைத் துடைத்து, பெல்ட் போட்டாயிற்றா என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருகுவார். ஆகாய விமானமே இதைவிடச் சீக்கிரம் கிளம்பிவிடும் என்று யாரோ ஒருநாள் அலுத்துக்கொண்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர். அதில் அவருக்குப் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பழைய வளாகத்துக்கும், ஊருக்கு வெளியே பொட்டலில் கட்டிய புதிய வளாகத்துக்கும் நடுவில் ஓடுவது இந்த வேன். நான் தேர்வுப் பிரிவு. விடைத்தாள் கட்டுகளை அங்கேயிருந்து இங்கே கொண்டுவருவதும் இங்கேயிருந்து அங்கே கொண்டுபோவதும் என் வேலை. கட்டுகளோடு கட்டாக நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். முன் சீட்டு எனக்குக் கிடைத்ததே இல்லை. அது பேராசிரியர்கள், துறைத்தலைவர்கள், நூலகர் என்று பெரிய மனிதர்களுக்கு. எழுதி வைத்த சட்டம் இல்லைதான். ஆனால் போய் உட்கார்ந்துதான் பாருங்களேன், பார்க்கிற பார்வையிலேயே எழுந்துவிடுவீர்கள்.

அந்த முன் சீட்டுக்கு ஒரு வேலை உண்டு. பைலட்டின் போனைப் பார்த்துக்கொள்வது.

பைலட் சட்டம் பார்க்கிற ஆள். சட்டம் என்றால் அப்படி இப்படி இல்லை. ஈ காக்கை இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் நின்றுவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான். அப்படிப்பட்டவர் வண்டி ஓட்டும்போது போனைத் தொடுவாரா? டேஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் போன். மணி அடித்தால், செய்தி வந்தால், பக்கத்தில் இருப்பவர் எடுத்து, சத்தமாகப் படித்து, அவர் சொல்கிற பதிலை எழுதி அனுப்ப வேண்டும். யார் யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்ற உத்தரவெல்லாம் பல்கலைக்கழக மெயிலில்தான் வரும் என்பதால் ஆரம்பித்த வழக்கம் இது. போகப் போக அவருடைய குடும்ப விவகாரம் முழுக்க முன் சீட்டு வழியாகவே நடக்க ஆரம்பித்தது.

அதில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி விஷயமாக ஏதோ அதட்டி எழுத, சட்டத்துறை ஆசிரியர் பதில் எழுதினார். அதிலிருந்து வீட்டுக்காரர் பைலட்டை ஐயா போட்டுத்தான் கூப்பிடுகிறார். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தி வந்தபோது முன் சீட்டில் இயற்பியல் பேராசிரியர். மூக்குக் கண்ணாடியை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டார். மச்சான் வீட்டில் அதற்குப் பிறகு வெகுநாள் பேச்சுவார்த்தையே இல்லை. உடற்பயிற்சி இயக்குநர் எழுதினால் எல்லாமே உத்தரவுதான். 'உடனே வா', 'உடனே முடி'. பைலட்டின் சொந்தக்காரர்கள் இந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று, ஒருநாள் வக்கீல் மாதிரி பேசுகிறான், ஒருநாள் போலீஸ் மாதிரி பேசுகிறான் என்று குழம்பியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் அப்படித்தான்.

பைலட்டுக்கு மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள். போனில் 'பாப்பா' என்றுதான் பதிந்து வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் பாப்பாவுக்கு வெகுதூரத்து நகரத்தில் மூக்குக் கண்ணாடிக் கம்பெனியில் வேலை கிடைத்தது, லென்ஸ் அறுக்கிற பிரிவில். போகக் கூடாது என்றார் இவர். போவேன் என்றாள் அவள். வீடே இரண்டுபடும் அளவுக்குச் சத்தம். மறுநாள் இவர் காலை டியூட்டிக்குப் போன நேரத்தில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்புறம் போனும் இல்லை, கடுதாசியும் இல்லை. இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அளவு. இதெல்லாம் வேனில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேச்சை எடுக்கமாட்டோம். பேச்சை எடுத்தால் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டுவார்.

பல வருஷம் கழித்து ஒருநாள் காலை, முன் சீட்டில் நூலகர் இருந்தபோது, டப்பாவுக்குள் போன் முனகியது. நூலகர் எடுத்தார். எடுத்தவர் படிக்கவில்லை.

"என்ன மேடம், டியூட்டி மாத்திட்டாங்களா?" என்றார் பைலட்.

"பாப்பான்னு போட்டிருக்கு. 'அப்பா, பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா'ன்னு கேட்டிருக்கு."

வண்டி அதே வேகத்தில் போனது. அடுத்த சிக்னல் வந்து, நின்று, பச்சை விழுந்து, கிளம்பிய பிறகுதான் பைலட் வாயைத் திறந்தார்.

"ம்னு போடுங்க."

நூலகர் எழுதினார். நான் பின்னால் இருந்து பார்த்தேன். எட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, சீட்டின் அமைப்பு அப்படி. 'ம்' என்று எழுத ஒரு வினாடி ஆகுமா? அந்த அம்மாவின் கட்டைவிரல்கள் பாலம் தாண்டும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தன.

அன்றிலிருந்து தினமும் காலையில் பாப்பாவிடமிருந்து செய்தி வரும். நூலகர் படிப்பார். பைலட் 'சரி' என்பார், 'ம்' என்பார், மனசு மிகவும் இளகிவிட்டால் 'பாத்து இருக்கச் சொல்லுங்க' என்பார். நூலகர் நாலு வரி எழுதுவார். ஒருநாள் பாப்பா லென்ஸை உடைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாக எழுதியிருந்தாள். பைலட், "கவனமா வேலை செய்யணும்னு போடுங்க" என்றார். நூலகர் எழுதியது இது: 'கையைக் கிழிச்சுக்கலையே கண்ணு? லென்ஸ் போனா போகுது. கத்தினவர் வீட்டுக்குப் போயி மறந்திருப்பார், நீயும் மறந்துட்டு ஒரு டீ குடி. உன் நெனப்பாவே வண்டி ஓட்டிட்டு இருக்கேன்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் நெனப்பில் கூட வண்டி ஓட்டாத மனிதர் அவர். ரோட்டு நெனப்பில் மட்டும்தான் ஓட்டுவார்.

இறங்கியதும் நூலகரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மேடம் இது, அவர் ஒண்ணு சொன்னா நீங்க ஒம்பது எழுதறீங்க?"

"அவர் சுருக்கமா சொல்றார். நான் விரிச்சு எழுதறேன். அவ்வளவுதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு மருந்து சாப்பிட்டியான்னு கேட்டு எழுதுது. அதுக்குப் போயி 'ம்'னு போட எனக்குக் கை வரல. உங்களுக்கு வந்தா நாளைக்கு நீங்க முன்னால உக்காருங்க."

உட்காரச் சொன்னது ஒப்புக்கு. மறுநாளும் அந்த அம்மாதான் உட்கார்ந்திருந்தார்.

பைலட் போனை எடுத்துப் படித்துப் பார்த்திருக்கமாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், சுற்றி வளைத்து. "அதான் காலையில படிச்சுக் காட்டிட்டாங்களே மேடம், அதையே மறுபடி என்னத்தப் படிக்கிறது?" என்றார். வீட்டுக்குப் போனால் போன் சார்ஜில், இவர் கட்டிலில். போனில் பேசிக்கொள்ளவும் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன், எழுதுகிறேன் என்று பாப்பா எழுதியிருந்தாள். இவருக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆளே மாறிவிட்டார். சக்கரத்தைத் தட்டும்போது லேசாக முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தார். "எம் பொண்ணு தங்கம் மேடம். நான் 'சரி'ன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும், எல்லாத்தையும் புரிஞ்சுக்குறா" என்றார் ஒருநாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். நூலகரும் அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வந்தது சுற்றறிக்கை.

எந்தத் துறைத்தலைவரோ முடிவெட்டும் கடையில் போனை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாராம். அதற்குள் மாணவர்களின் மதிப்பெண் எல்லாம் இருந்ததாம். முடி வெட்டிக்கொண்டது அவர், மாட்டிக்கொண்டது நாங்கள். பல்கலைக்கழக மெயில் வருகிற போன் எதுவானாலும் ஆறு இலக்கத்தில் பாஸ்கோடு போட்டுப் பூட்ட வேண்டும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது, இல்லையென்றால் மெயில் நிறுத்தப்படும் என்று கணினி மையம் அறிவித்தது. எங்கள் பிரிவில் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். குதித்துவிட்டு எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

வண்டி ஷெட்டுக்கு ஆளனுப்பினார்கள். கணினி மையத்திலிருந்து வந்தவள் சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிரிப்பென்று ஒன்றும் கிடையாது.

"ஆறு நம்பர் போடுங்க அண்ணே. பிறந்த தேதி வேணாம். வண்டி நம்பர் வேணாம். ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையாவும் வேணாம்."

"அப்ப மிச்சம் என்னம்மா இருக்கு?"

"யோசிச்சுப் போடுங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்கிட்டயும் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பைலட் வண்டி துடைக்கிற துணிக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஏதோ ஆறு நம்பரைப் போட்டார்.

"பத்து தடவை தப்பாப் போட்டா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். போன் தொலைஞ்சு போனா எங்களுக்குச் சொல்லுங்க, நாங்க இங்க இருந்தே அழிச்சிடுவோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நல்ல ஏற்பாடுதான்" என்றார் பைலட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு சட்டத்தைப் பார்த்து நல்ல ஏற்பாடு என்று சொல்ல இந்தப் பல்கலைக்கழகத்தில் இவர் ஒருவரால்தான் முடியும்.

மறுநாள் காலை. நூலகர் முன் சீட்டில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் போனை எடுத்தார். நம்பர் கேட்டது.

"பைலட், நம்பர் என்ன?"

"சொல்லக் கூடாது மேடம்."

"அது வெளியாளுங்களுக்கு. எனக்குச் சொல்லலாம்."

"யார்கிட்டயும்னுதான் போட்டிருக்கு. நீங்களும் யாரோ ஒருத்தர்தானே மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே போனை யாரும் தொட வேணாம். வண்டி நின்னதும் நானே பாத்துக்கறேன்."

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றால் யார்தான் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள்? நூலகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் மட்டுமா, முன் சீட்டே வெறிச்சோடிப் போயிற்று. மச்சான் வீட்டு எல்லைத் தகராறு என்ன ஆயிற்று என்று தெரியாமல் சட்டத்துறை ஆசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதிவாளரே கேட்டுப் பார்த்தார். பைலட் அசைந்து கொடுக்கவில்லை. "சுற்றறிக்கையில கையெழுத்து உங்களுதுதானே சார்" என்று மட்டும் சொன்னார். பதிவாளர் மிச்ச வழி முழுக்கக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நூலகருக்கு முகம் தூக்கியதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பூட்டு விழுந்ததற்கு முதல் நாள் பாப்பா, 'அப்பா, ஒரு முக்கியமான விஷயம் கேக்கணும். யோசிச்சு எழுதறேன்' என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என்ன விஷயமோ, இந்த மனுஷன் என்ன பதில் போட்டுத் தொலைக்கப்போகிறாரோ என்று அந்த அம்மா என்னிடம் புலம்பித் தீர்த்துவிட்டார். பைலட்டிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்களேன் என்றேன். "எப்படிச் சொல்றது, 'உங்க பொண்ணு பேசிட்டு இருந்தது என்கிட்ட'ன்னா?" என்று கேட்டார்.

அந்தச் செய்தி வந்த அன்று நூலகர் வேனில் இல்லை. உடற்பயிற்சி இயக்குநர்தான் முன் சீட்டில். புதிய வளாகத்தில் வண்டியை நிறுத்தினார் பைலட். நான் கட்டுகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் துணியைப் போனுக்கு மேல் போட்டு, நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி, கையை நீட்டிப் பிடித்து, உதட்டசைய நெடுநேரம் படித்தார். படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எக்ஸாம் மேடம், பாப்பா இங்கயே திரும்பி வந்துடவான்னு கேக்குறா."

"ஐயோ! என்ன எழுதியிருக்கு?"

"இங்க இருக்கிற கிளையில ஒரு இடம் காலியா இருக்காம். நீங்க வரச் சொன்னா வரேன், இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கம்பெனியில சொல்லணும்னு எழுதியிருக்கா." முகமெல்லாம் பல்லாக நின்றார். அவருக்கு இத்தனை பல் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அங்கேயே நின்று, ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதி அனுப்பிவிட்டார்.

"என்ன போட்டீங்க?"

"சரின்னு போட்டேன்."

"அவ்வளவுதானா? இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் போடுங்களேன் பைலட்."

"எதுக்கு மேடம்? இத்தனை நாளும் சரின்னு போட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்? அவளுக்குப் புரியும்."

கட்டுகளை ஒப்படைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். திரும்பி வருகிற வழியெல்லாம் டப்பாவுக்குள் போன் முனகிக்கொண்டே இருந்தது. நடுவில் மணியும் அடித்தது, ஓய்ந்தது, மறுபடி மறுபடி அடித்தது. பூட்டியிருந்தாலும் மணி அடித்தால் எடுத்துப் பேசலாம், நம்பர் தேவையில்லை.

"எடுங்க சார்" என்றேன் இயக்குநரிடம்.

"எனக்கெதுக்கு வம்பு? யாரும் தொட வேணாம்னு அவர்தானே சொன்னார்?" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பைலட்டும், "இருக்கட்டும் மேடம், நின்னதும் பாக்கலாம்" என்றார். இரண்டு பேரையும் வைத்து வாங்கலாம் போலிருந்தது.

பழைய வளாகம் வந்து, வண்டி நின்று, பைலட் துணிக்கடியில் போனைத் திறக்கப் பார்த்தால், அது நம்பரே கேட்கவில்லை. 'வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்றது. அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தமாக இருந்தது. செய்தியும் இல்லை, பாப்பா என்ற பெயரும் இல்லை, அவள் நம்பரும் இல்லை. அந்த நம்பர் அவருக்கு மனப்பாடமும் இல்லை. உங்களுக்கு யார் நம்பர் மனப்பாடமாக இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

கணினி மையத்துக்கு ஓடினோம். போகிற வழியில் நூலகம், உள்ளே தலையை நீட்டி நூலகரையும் கிளப்பிக்கொண்டு போனேன். அந்தச் சின்னப் பெண் தன் மேஜையில் இருந்தாள்.

"ஆமா அண்ணே, நான்தான் அழிச்சேன். உங்க போன் திருடு போயிட்டதா புகார் வந்துச்சு. உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கல. எடுக்கலேன்னா அழிச்சிடணும்."

"யாரு புகார் பண்ணினது?"

"உங்க பொண்ணு. பல்கலைக்கழக நம்பருக்குக் கூப்பிட்டிருக்காங்க, அங்க இருந்து எங்களுக்குத் திருப்பி விட்டாங்க." கணினியைப் பார்த்துப் படித்தாள். "'எங்கப்பா நாலு வரிக்குக் குறைஞ்சு எழுதவே மாட்டார். கண்ணுன்னு கூப்பிடாம எழுத மாட்டார். இன்னிக்கு சரின்னு ஒரே வார்த்தை வந்திருக்கு. போன் பண்ணினாலும் எடுக்கல. யாரோ திருடிட்டாங்க, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க.' இதான் சொன்னாங்க. அழுதாங்க."

"நாலு வரியா?" என்றார் பைலட். "நான் எங்கம்மா நாலு வரி எழுதினேன்?"

பைலட் மெதுவாகத் திரும்பி நூலகரைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"கண்ணுன்னா போட்டீங்க?"

"போட்டேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அங்கே கிடந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப அவ வரேன்னது உங்களை நம்பித்தானா" என்றார்.

வெளியே வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. "முதல்ல அந்தப் பொண்ணு நம்பரைக் குடும்மா" என்றேன்.

"புகார் கொடுத்தவங்க நம்பரைத் தரக் கூடாது."

"பெத்த அப்பன்மா அவர்!"

"ரூல்னா ரூல்தானே மேடம்" என்றார் பைலட். சத்தியமாக அவர்தான் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மேஜை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நம்பரைத் தரக் கூடாதுன்னுதான் இருக்கு. நான் கூப்பிட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

அந்தப் போனில் ரிசீவர் கெட்டுப்போயிருந்தது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். கணினி மையத்தில் இதெல்லாம் சகஜம். மணி அடித்த உடனே எடுத்துவிட்டாள் பாப்பா.

"அப்பாவைப் பாத்தீங்களா?"

"பாப்பா" என்றார் பைலட்.

"அப்பா! நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலையே? யாருப்பா போனை எடுத்தது? சரின்னு அனுப்பினது யாரு?"

"நான்தாம்மா."

"நீங்களா? என்மேல கோவமாப்பா? நான் வர்றது புடிக்கலையா?"

நூலகர் காற்றில் ஸ்டீயரிங் பிடித்துக் காட்டினார். வண்டி ஓட்டும் அவசரத்தில் அனுப்பியது என்று சொல்லச் சொல்கிறார். நானும் பலமாகத் தலையாட்டினேன். நல்ல யோசனைதான், அதைச் சொல்லியிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி எல்லாம் முடிந்திருக்கும். பைலட் அந்த அம்மாவின் கையைப் பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"நாலு வரி எழுதினது நான் இல்லம்மா. எப்பவும் நான் சரின்னுதான் சொல்லுவேன். முன்னால உக்காந்து வர்ற லைப்ரரி மேடம் எழுதுவாங்க. அவங்க அப்படி எழுதறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

நூலகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணுன்னு?" என்றாள் பாப்பா.

"அவங்கதான்."

"என் ரூமைத் தினமும் பெருக்கித் துடைச்சு வச்சிருக்கேன்னு எழுதினீங்களே?"

"இல்லம்மா. அங்க பழைய டயர் ரெண்டு கெடக்கு."

எனக்கு அந்த மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. கணினி மையத்துப் பெண் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வரணும்னு நீங்க சொன்னதே இல்ல" என்றாள் பாப்பா. குரல் உடைந்திருந்தது.

"சொன்னதில்லம்மா" என்றார் பைலட். "சொல்லத் தெரியல. நீ கெளம்பினப்பவும் அதான். நீ போயிட்டா அந்த வீட்டுல நான் மட்டும் இருக்கணுமேன்னு பயமா இருந்துச்சு. அதைச் சொல்லாம கத்திட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. காலையில உன் செய்தி வரும்கிறதுக்காகத்தான் எந்திரிக்கிறேன். மேடம் என்ன எழுதினாங்களோ எனக்குத் தெரியாது. எனக்கு நீ வரணும். வந்தீன்னா டயரை எடுத்துடறேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அந்தப் பெண் போனைக் குனிந்து பார்த்தாள்.

"பக்கத்துல அந்த மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாள் பாப்பா.

"இருக்கேம்மா" என்றார் நூலகர்.

"உண்மையைச் சொல்லுங்க. இப்ப அப்பா பேசினது நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

"இல்ல கண்ணு" என்றார் நூலகர். "நான் சொல்லிக் கொடுத்திருந்தா டயரைப் பத்திப் பேச விட்டிருப்பேனா?"

பாப்பா சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "கம்பெனியில இப்பவே சொல்லிடறேன்பா. மாசக் கடைசியில வரேன். டயரை எடுத்துடுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

பைலட் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், தேம்பித் தேம்பி அழுதார். நூலகர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தானும் அழ ஆரம்பித்துவிட்டார். கணினி மையத்துப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். விடைத்தாள் கட்டுகளெல்லாம் வாசலில் கிடக்கின்றன, புதிய வளாகத்தில் திருத்துகிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை, ரிப்பேரா என்று சத்தம் போட்டார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார்" என்றேன். "டிரைவர் அழுதுட்டு இருக்கார். முடிஞ்சதும் வரோம்."